கார்டைச் சோதிக்க ஒரு கல்யாண வீடியோ

பிலிமத்தலாவையில் இருக்கும் அந்தக் கம்ப்யூட்டர் கடைக்கு நான் இரண்டாம் முறை போனது ஒரு கேபிள் வாங்க. உள்ளே நுழைந்தால், பெரிய மொனிட்டரில் நான் எடிட் செய்த கல்யாணத்தின் மணப்பெண், என் கஸ்டமர் ஒருவரின் மகள், முக்காடில்லாமல் தோழிகளோடு ஆடிக்கொண்டிருந்தாள். முன்னால் ஆண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் முஸ்லிம் ஆட்களின் கல்யாணங்களில் பெண்கள் பக்கத்தைப் பெண்தான் படம் பிடிப்பாள், பெண்தான் எடிட் செய்வாள். கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து நான் செய்யும் வேலை அந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறது.

முந்தைய மாதம் அங்கேதான் கிராபிக்ஸ் கார்டு வாங்கினோம். எந்தக் கார்டைக் கேட்டாலும் கடைக்காரர் ஒரு கேமை ஓட்டிக் காட்டினார். என் கணவர் அதில் மயங்கிவிட்டார்.

"இவ்வளவு ஸ்மூத்தா போகுதே, ஒன்ட எடிட்டிங்கும் போகும்தானே?"

போகாது. மூன்று கேமராவின் 4K காட்சிகளை அடுக்கினால் கார்டின் மெமரி போதாமல் சொஃப்ட்வெயர் நின்றுவிடும். அதனால் என் புரொஜெக்ட்டையே ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுபோய், மொனிட்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பி, நான் மட்டும் பார்த்துச் சோதித்தேன். எட்டு ஜிபி கார்டில் நின்றுவிட்டது. பன்னிரண்டு ஜிபி கார்டில் ஓடியது, அதையே வாங்கினோம். இடையில் கடைக்காரர் அதைக் கொப்பி எடுத்தது அப்போது எனக்குத் தெரியாது.

இப்போது மொனிட்டரில் அதைக் கண்டதும், "ஓஃப் பண்ணுங்க!" என்று கத்தினேன்.

"என்ன மிஸ், டெஸ்ட்தானே ஓடுது. ஒங்கட ஃபைல் நல்ல ஹெவி. எந்தக் கேமும் கார்ட இப்பிடிப் புழியாது. வார ஆக்களுக்கெல்லாம் இதத்தான் போடுறன்."

"எல்லாருக்குமா? யார்ட்ட கேட்டு?"

"ஏன் சத்தம் போடுறீங்க? அந்தப் புள்ளட மூஞ்சியவா நாங்க பாக்குற? ஸ்பீடத்தான் பாக்குறோம்."

ஒருவர் சிரித்தார். நான் பிளக்கைப் பிடுங்கினேன். கடையிலிருந்த ஒவ்வொரு மெஷினிலும் அவர் அதை அழிக்கும்வரை நகரவில்லை.

பஸ்ஸில் வரும்போது, சொல்லாமல் விடலாமா என்று பலமுறை யோசித்தேன். அழித்தது உண்மைதானா? யாராவது போனில் எடுத்திருந்தால்? அன்றே மணப்பெண்ணின் உம்மாவிடம் சொன்னேன்.

"ஒங்கள நம்பித்தானே தந்த," என்றார். கல்யாணக் காட்சிகள் இருந்த டிஸ்க்கை வாங்கிப் போய்விட்டார். அந்தக் குடும்பத்தில் யாரும் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. கடைக்காரர்மேல் இன்னும் இருக்கிறது. அவருக்கு அது இன்றுவரை ஒரு ஹெவி ஃபைல், அவ்வளவுதான்.

கார்டு வாங்கப் போகிற தங்கச்சிமாருக்குச் சொல்கிறேன். கேமை நம்பாதீர்கள், உங்கள் வேலையை ஓட்டிப் பாருங்கள். ஆனால் கஸ்டமரின் காட்சியைக் கொண்டுபோகாதீர்கள். பாலத்தில் நின்று மகாவலி ஆற்றை 4Kயில் எடுங்கள். ஓடும் தண்ணீரை மூன்று அடுக்காக வைத்தால் நல்ல கார்டும் திணறும். அதை யார் வேண்டுமானாலும் பார்த்துவிட்டுப் போகட்டும்.