அவரை காய்க்கட்டும்

சித்திரை வெயிலில் என் கணவர் செம்மண்ணும் தொழு உரமும் தென்னை நார்த் தூளும் கலந்து, எங்கள் அடையாறு குடியிருப்பின் மொட்டைமாடியில் பெரிய பெரிய பைகளில் நிரப்பி வைத்தார். ஆடி பிறந்ததும் விதைப்பதாக ஏற்பாடு. வைகாசியில், தரமணியில், அலுவலகப் படிக்கட்டில் மயங்கி விழுந்தார். நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

காரியம் முடிந்து உறவினர் எல்லாரும் கிளம்பிய பிறகு வீட்டில் நானும் மாமனாரும் மட்டும். எங்களுக்குக் குழந்தை இல்லை. மாமியார் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. பெங்களூரில் இருக்கும் நாத்தனார் அப்பாவைத் தன்னோடு வரச் சொன்னாள். அவர் தலையாட்டினார்.  நான் இருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. அந்த நாட்களில் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன், குக்கர் வைத்தேன்.

மாடியில் பைகள் கிடப்பதாகக் குடியிருப்புச் சங்கச் செயலாளர் இரண்டு முறை சொன்னார். ஆள் வைத்து மண்ணைக் கொட்டிவிடலாம் என்று இருந்தேன். ஒரு சனிக்கிழமை மேலே போனால், மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்து விதை ஊன்றிக்கொண்டிருந்தார். வெண்டை, கத்திரி, புடலை, அவரை. வாங்கி வைத்தவர் போய்விட்டார், விதைப் பொட்டலங்கள் அலமாரியில் அப்படியே இருந்திருக்கின்றன.

"ஆடி வந்துடுச்சும்மா" என்றார். அவ்வளவுதான்.

வெண்டை நாலைந்து நாளில் முளைத்தது. அவர் கூப்பிட்டுக் காட்டினார். பார்த்தேன். இரண்டு இலை, பச்சை. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. துணி காயப்போட்டுவிட்டுக் கீழே இறங்கினேன்.

ஊரூர் குப்பத்திலிருந்து கூடையோடு வரும் மீன்காரம்மா அவருக்கு மீன் கழிவைச் சும்மாவே கொடுப்பாள். அவர் அதை வெல்லத்தோடு ஊற வைத்து, தண்ணீர் கலந்து செடிக்கு ஊற்றுவார். ஒரு நாள் வாசலில் அவள் கேட்டது பால்கனியில் நின்ற எனக்குக் கேட்டது.

"இன்னா நைனா, புள்ளைய நெனச்சுக்கினு கீறியா?"

"வெண்டையில மாவுப்பூச்சி வந்திருக்கு" என்றார் மாமா.

அவள் ஒரு கை கழிவை அதிகமாக அள்ளிப் போட்டுவிட்டுப் போனாள்.

நாத்தனார் வாராவாரம் போன் செய்தாள். "அப்பா, டிக்கெட் போடவா?" வெண்டை காய்க்கட்டும் என்றார். வெண்டை காய்த்தது. புடலைக்குப் பந்தல் போட்டிருக்கு, அது முடியட்டும் என்றார். நுனியில் கல் கட்டித் தொங்கவிட்ட புடலங்காய்களின் நடுவே குனிந்து குனிந்து நடந்தார். அவரை இன்னும் பூக்கவே இல்லை, அவரை காய்க்கட்டும் என்றார். காய் பறித்துத் தந்ததை எல்லாம் சமைத்தேன். என்ன ருசி என்று இன்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மார்கழிக்குக் கொஞ்சம் முன்னால் புயல் வந்தது. விடிந்து போய்ப் பார்த்தபோது பந்தல் தண்ணீர்த் தொட்டியோரம் சுருண்டு கிடந்தது. அவரைக்கொடி பூவும் பிஞ்சுமாய் வேரோடு பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. கத்திரி மட்டும் சாய்ந்து நின்றது. மாமா கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சுற்றி வைத்தார். இரண்டு நாள் கழித்து, கட்டிலில் பெட்டி திறந்திருந்தது. வேட்டிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

 நான் செருப்பை மாட்டிக்கொண்டு நர்சரிக்குப் போய் முளைக்கீரை விதை வாங்கினேன். ஏன் என்று யோசிக்கவில்லை. ஊறிப்போன மண்ணைக் கிளறி, விதையை மணலோடு கலந்து தூவினேன். மண் கையோடு அவர் அறைக்குப் போனேன்.

"கீரை போட்டிருக்கேன் மாமா. எனக்கு ஆபீஸ் இருக்கு. யாராவது தண்ணி ஊத்தணும்."

அவர் என் கையைப் பார்த்தார். "மணல் கலந்தியா?"

"கலந்தேன்."

"சரி."

பொங்கலுக்கு நாத்தனார் நேரிலேயே வந்தாள். அழைத்துப் போகத்தான் வந்தாள். அப்பாவோடு மாடிக்குப் போனவள் வெகு நேரம் கழித்துக் கண் சிவந்து இறங்கி வந்தாள். மறுநாள் கீரை மசியல் சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னாள்:

"அப்பா இங்கயே இருக்கட்டும் அண்ணி. உங்களுக்குச் சிரமம் இல்லையே?"

"இல்ல" என்றேன். இன்னும் ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  மாமாவுக்கு இன்னொரு கரண்டி சாதம் போட்டேன்.