ஆறு மாப்பைகளும் மாமாவின் விதை நோட்டீசும்

ஒட்டுசுட்டானில் எங்கள் மாமாவைத் தெரியாத ஆள் அந்த நாளில் இல்லை. அம்மாவின் தமையன். கத்தரி, மிளகாய், பயற்றை விதைகளைச் சின்னச் சின்னப் பைக்கற்றில் அடைத்துத் தபாலில் இலங்கை முழுக்க விற்றவர். காட்டுக்கரையில் இருந்துகொண்டு மட்டக்களப்பு வரைக்கும் வியாபாரம் செய்த மனுசன் வேறு யார்? அந்த வியாபாரத்துக்கு நானும் ஒரு கை கொடுத்தவள் என்று இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவேன். அப்போது எனக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்துக்குப் போன நாளை விடப் போகாத நாள்தான் கூட.

அந்த வருசம் மாமா பெரிய காரியம் ஒன்றில் இறங்கினார். மாரி மழைக்கு முன்னம் எல்லா ஊர்க் கமக்காரருக்கும் விதை நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். ஒரு பக்கம் கத்தரிக்காய்ப் படமும் விதைகளின் பேரும், மற்றப் பக்கம் விலாசம் எழுத இடமுமாய், யாழ்ப்பாணத்தில் அடிப்பித்த மஞ்சள் கடதாசி. அது கட்டுக்கட்டாய் வந்து இறங்கியதும் வீடே கலியாண வீடு மாதிரி ஆகிவிட்டது. மாமி படித்தவ. முத்து முத்தாய் எழுதுவா. இரண்டு கிழமையாய்ப் பாயில் இருந்து விலாசம் எழுதினா.

தபாற்கந்தோர் ஐயா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். எல்லாவற்றையும் கலந்து கொண்டுவந்தால் எடுக்க மாட்டாராம். ஊர் ஊராய்ப் பிரித்து, ஊருக்கு ஒரு பையில் அடைத்து, வெளியில் ஊர்ப்பேர் ஒட்ட வேண்டுமாம். கோதுமை மா வந்த துணிப்பைகள் ஆறை மாமி தோய்த்துக் காயப்போட்டா. அவ பிரித்துத் தருவா, நான் அடைப்பேன். "இது மன்னார், இது வவுனியா" என்று சொல்லித்தான் ஒவ்வொரு கட்டும் என் கையில் வரும். மட்டக்களப்புப் பை நெல்லு மூட்டை மாதிரிப் புடைத்துக்கொண்டு நின்றது. அதற்குள் நானே இறங்கி மிதித்தேன். பிறகு மாமி சாக்கூசியால் வாயைத் தைத்து, ஆறு தாளில் ஊர்ப்பேர் எழுதி, அந்தந்தப் பையின் மேல் வைத்துவிட்டா.

ஒட்டுகிற பசைதான் மாமாவின் கைங்கரியம். வெறும் மாப்பசையைப் பூச்சி அரிக்கும் என்று, பழஞ்சோற்றைக் குழைத்து, ஒரு கை உப்பும் போட்டுத் தானே காய்ச்சினார். "மழையில நனைஞ்சாலும் இது அசையாது, பார்" என்று என்னிடம் பெருமையடித்தார்.

வெள்ளிக்கிழமை விடியப்புறம் கொக்கிளாயிலிருந்து ஆள் வந்தது, மாமியின் தங்கச்சிக்குப் பிள்ளைப்பேறு என்று. மாமி முதல் பஸ்ஸில் போய்விட்டா. பத்து மணி பஸ்ஸில் எங்கள் பைகள் போக வேண்டும். அதைத் தவறவிட்டால் திங்கட்கிழமைதான். வவுனியாக் கடைக்காரர் ஒருவர் தன் நோட்டீசை முதலே அனுப்பிவிட்டார் என்று கேள்விப்பட்டு மாமாவுக்கு ஏற்கெனவே நித்திரை இல்லை.

மாமா தாள்களை அந்தந்தப் பையில் ஒட்டி, பசை காய முற்றத்து வெயிலில் பைகளை வரிசையாய் வைத்து, என்னைக் காவலுக்கு நிறுத்திவிட்டு வண்டில் பிடிக்கப் போனார். எனக்கோ கால் நிலத்தில் நிற்கவில்லை. ரோட்டில் ஏதோ வாகனச் சத்தம் கேட்க, பஸ்தான் வந்துவிட்டதாக்கும் என்று வேலிப் படலைக்கு ஓடினேன். பார்த்தால் லொறி. அதையும் நின்று வடிவாய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினால், எங்கள் மறியாடு இரண்டும் உப்புப் பசையை நக்கிக்கொண்டு நிற்கின்றன. ஐந்து தாள் வயிற்றுக்குள் போய்விட்டது. ஆறாவதின் ஒரு மூலை வாயில் தொங்கியது.

வண்டிலோடு வந்த மாமா தலையில் கை வைத்தார்.

"எடியே, நாசமறுப்பாளே! எங்க பார்த்துக்கொண்டு நிண்டனீ?"

அழுகையோடு அழுகையாய்ச் சொன்னேன்: "மாமா, எது எந்த ஊரெண்டு எனக்குத் தெரியும்."

அவர் பைகளோடு என்னையும் தூக்கி வண்டிலில் போட்டார்.

தபாற்கந்தோர் ஐயா பைகளைச் சுற்றி நடந்து பார்த்தார். "என்ன முதலாளி, பேர் வைக்காமலே பிள்ளையளைக் கொண்டந்திருக்கிறியள்?"

"பேரை ஆடு திண்டிட்டுது ஐயா."

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "சரி, ஒவ்வொண்டிலயும் ரெண்டு தையலைப் பிரிச்சு, ஒரு கடதாசியை எடுத்து வாசியுங்கோ. நான் பென்சிலால பையிலயே எழுதிவிடுறன். கெதியாய், பஸ் வரப்போகுது."

"பிரிக்கத் தேவையில்லை ஐயா," என்றார் மாமா. "என்ர மருமகள் சொல்லுவாள்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் என் அழுகை எங்கே போனதோ தெரியாது. புடைத்தது மட்டக்களப்பு. நீல நூலால் ஒட்டுப்போட்டது திருகோணமலை. அடியில் எண்ணெய்க் கறை உள்ளது கிளிநொச்சி. சிவப்புப் பூ அடித்தது வவுனியா, பூ அழிந்துபோனது யாழ்ப்பாணம். குழந்தைத் தலையணை அளவில் இருந்தது மன்னார். எழுத்துத் தெரிந்தவர் தாளைப் பார்ப்பார். எனக்குப் பையைத் தவிர வேறு என்ன இருந்தது?

ஐயா நீலப் பென்சிலால் ஆறையும் எழுதினார். ஆனாலும் எட்டு வயதுப் பெட்டையை நம்ப மனம் வரவில்லைப்போல. மன்னார்ப் பையின் தையலைத் தானே பிரித்து, ஒரு நோட்டீசை உருவி மாமாவிடம் நீட்டினார். "எதுக்கும் ஒருக்கால் பாருங்கோ முதலாளி."

மாமா வாங்கினார். கத்தரிக்காய்ப் படத்தைக் கனநேரம் பார்த்தார். "மன்னார்தான்," என்றார்.

ஐயா சிரிப்பை நிறுத்திவிட்டார். கடதாசியை மெதுவாய் வாங்கி, மற்றப் பக்கம் திருப்பி வாசித்தார். மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓம், மன்னார்தான்," என்று சொல்லி அதை உள்ளே வைத்துத் தானே தைத்தார். அதற்குள் ஹோர்ண் சத்தம் கேட்டது. ஆறு பையும் பஸ்ஸில் ஏறியதைக் கண்டு நான் தெருவில் நின்று துள்ளினேன்.

என் வாய்ச்சொல்லை மாமா அப்படி நம்பினார் என்று எத்தனை வருசம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவ்வளவு பெரிய வியாபாரி, தன் நோட்டீசில் கத்தரிக்காய் வடிவாய் விழுந்திருக்கோ என்றுதான் அப்போது பார்க்கிறார் என்றும் நினைத்திருந்தேன். மாமாவுக்கும் என்னைப்போல எழுத்துத் தெரியாது என்பது தபாற்கந்தோர் ஐயாவுக்கு அந்த நிமிசமே விளங்கியிருக்கும். எனக்கு விளங்க, மாமா கண்ணை மூடிய பிறகு ஒருநாள் மாமி வாய் திறக்க வேண்டியிருந்தது.