சோலார் கம்பெனி திவால், நான் நலம்

போன செவ்வாய்க்கிழமை சோலார் கம்பெனிக்கு போன் செய்தேன். நான் சொல்ல நினைத்த புகாரைக் கேட்டால் சிரிப்பீர்கள். ‘என் பேனல்கள் எல்லாம் ஒரே அழுக்கு... ஆனால் யாருமே என்னைத் திட்டவில்லை!’

‘நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை’ என்றது ஒரு பெண் குரல். மூன்று வாரத்தில் நான் போனில் கேட்ட முதல் பெண் குரல் அதுதான்.

முதலில் இருந்து சொல்கிறேன். முப்பத்து நான்கு வருஷம் நெய்வேலி அனல்மின் நிலையத்தில் கன்ட்ரோல் ரூம் வேலை. ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் சின்னதாக ஒரு வீடு. மனைவி அந்தப் புது வீட்டில் ஒரு வருஷம்தான் இருந்தாள். ஒரே மகள் கயல் ஜெர்மனியில். அவள்தான் மொட்டைமாடியில் சோலார் போட்டுக் கொடுத்தாள். நிலக்கரியில் சாப்பிட்டவன் வெயிலுக்குக் கட்சி மாறிவிட்டான் என்று பழைய ஷிப்ட் நண்பர்கள் கிண்டல் செய்தார்கள்.

இருபத்தைந்து வருஷ வாரண்டி! “எனக்கே அவ்வளவு கிடையாதே” என்றேன். வீடியோ காலிலேயே கயல் முறைத்தாள்.

கம்பெனியின் ஆப் அவள் போனில்தான் இருந்தது. எங்கள் மாடியில் எவ்வளவு கரண்ட் உற்பத்தியாகிறது என்று அங்கிருந்தே பார்க்கலாம். நெய்வேலிப் பக்கம் வெள்ளைச் சட்டையைக் காயப்போட்டவர்களுக்குத் தெரியும், எங்கள் காற்றில் என்னென்ன வரும் என்று. ஒரு வாரம் பேனலைக் கழுவாவிட்டால் போதும், உற்பத்தி குறையும். வேலை, குழந்தை என்று ஓடுகிறவள் அன்றைக்கு மட்டும் ஆபீஸ் ரயிலில் இருந்து கூப்பிடுவாள்.

“அப்பா, யூனிட் குறைஞ்சிருக்கே. பேனல் தொடைக்கலையா?”

“நாளைக்குத் தொடைக்கிறேன் பாப்பா.”

அப்புறம் சாப்பாடு, சுகர் மாத்திரை, அவள் ஊர்க் குளிர்... பத்து நிமிஷம் ஓடும்.

கழுவினால்? உற்பத்தி ஜோர். போன் இல்லை.

உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆமாம்... கழுவுவதை வேண்டுமென்றே தள்ளிப்போட ஆரம்பித்தேன். ஒரு மெகாவாட் குறைந்தாலே பதறிப்போய் பாய்லர் பக்கம் சத்தம் போட்டவன், சொந்த மாடியில் உற்பத்தியைத் திருட்டுத்தனமாகக் குறைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் பத்து நிமிஷம் எனக்கு வேண்டியிருந்தது.

இந்தத் தடவை ஒரு வாரம் விட்டேன். போன் வரவில்லை. இரண்டாவது வாரம் காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்துக் கிடந்தேன். கஞ்சி வைத்ததும் நான்தான், குடிக்க முடியாமல் கொட்டியதும் நான்தான். மூன்றாவது வாரம் பேனலில் விரலால் பெயர் எழுதும் அளவுக்கு அழுக்கு. அப்போதும் போன் வரவில்லை. பெண் நம்மை மறந்துவிட்டாளோ? அப்படி நினைப்பதைவிட, மெஷினில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது. அதனால்தான் கம்பெனிக்கு அந்த போன்.

பேனல் மாட்டிய எலக்ட்ரீஷியன் செல்வத்தை வரச் சொன்னேன். வந்து பார்த்தார்.

“கம்பெனி திவால் சார். ஆபீஸைப் பூட்டிகினு போய்ட்டானுங்க. உங்க பேனலு ஓடிகினுதான் இருக்குது. சர்வருதான் நின்னுபோச்சு.”

“அப்போ ஆப்ல என்ன தெரியும்?”

“கடைசியா இன்னா வந்துச்சோ அதான் சார் நிக்கும். இந்தப் பக்கம் நாலு வூட்ல இதே கதைதான்.”

கடைசியாக வந்தது... நான் பேனலைக் கழுவிய மறுநாள். சுள்ளென்று வெயில் அடித்த நாள்.

செல்வம் கிளம்பியதும் கயலைக் கூப்பிட்டேன். எடுத்த எடுப்பிலேயே, “என்னப்பா ஆச்சு?”

சொன்னேன்.

“தினமும் காலைல ஆப்பைப் பார்த்துட்டுத்தாம்ப்பா கிளம்புறேன். பச்சை டிக் இருந்துச்சு. அப்பா நல்லா இருக்கார்னு நினைச்சுப்பேன்.”

“அதுல தேதி என்ன போட்டிருக்கு பாரு.”

பார்த்தாள். “மூணு வாரத்துக்கு முந்தின தேதிப்பா” என்றாள். காய்ச்சல் விஷயத்தைச் சொன்னதும் அழுதுவிட்டாள்.

“நீங்க ஏம்ப்பா ஒரு போன் பண்ணல?”

எங்கள் கன்ட்ரோல் ரூமில் உற்பத்தி குறைந்தால் கிரிட் ஆபீஸிலிருந்து போன் வரும். ஏன் குறைந்தது, எப்போது சரியாகும் என்று குடைந்துவிடுவார்கள். எல்லாம் சரியாக ஓடும் நாளில் அவர்களும் கூப்பிட்டதில்லை, நாங்களும் கூப்பிட்டுச் சொன்னதில்லை. அப்படியே பழகி, வீட்டையும் அதே மாதிரி நடத்திவிட்டேன். கயல் ஹாஸ்டலில் இருந்த நாலு வருஷமும் மார்க் குறைந்தால்தான் நான் போன் செய்வேன்!

“ஆப்புக்குக் கணக்கு அனுப்புற பாக்ஸை வேற கம்பெனில வாங்கி மாட்டிடலாம்ப்பா. பழையபடி ஆப்ல பார்த்துக்கலாம்” என்றாள்.

“வேண்டாம் பாப்பா. இனிமே நானே கூப்பிடுறேன்” என்றேன்.

மறுநாளே பேனல்களைக் கழுவிவிட்டேன். நேற்று மத்தியானம், சொன்னபடி கூப்பிட்டேன். புகார் இல்லை, காய்ச்சல் இல்லை, எந்தக் கோளாறும் இல்லை.

“சும்மாதான் பாப்பா” என்றேன்.

“சும்மாவா?” அவள் குரல் நடுங்கியது. “அப்பா... உண்மையைச் சொல்லுங்க. எந்த ஆஸ்பத்திரில இருக்கீங்க?”