இரண்டாம் நம்பர் குதிரை

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவள். வாக்கியம் கோணல்மாணலாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் வந்துவிட்டது, முன்னால் நடந்ததைப் பின்னால் சொன்னாலும் சொல்லுவேன். பெண்கள் எழுதும் தொகுப்புக்கு எதையாவது எழுதிக் கொடுக்கச் சொல்லி, முன்பு கீழ்வீட்டில் இருந்த டீச்சர் போனில் விடாமல் கேட்கிறார். எனக்கு எழுத இருப்பது ஒன்றுதான். என் தம்பியோடு சேர்ந்து செய்த குதிரைப் பந்தய விளையாட்டு.

தம்பி ஈப்போ பந்தயத் திடலில் சைஸ் வேலை பார்த்தவன். குதிரையைக் குளிப்பாட்டுவது, தீனி வைப்பது, விடியும் முன்னே கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போவது, இதெல்லாம் அவன் வேலை. நாங்கள் பிறந்த தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது ஈப்போவுக்கு வந்தவன், குதிரைகளோடே ஒட்டிக்கொண்டான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் போன பிறகு என்னுடைய அடுக்குமாடி வீட்டுக்கே வந்துவிட்டான்.

ஜெயித்த குதிரையோடு திடலில் படம் எடுப்பார்கள். முதலாளி நிற்பார், ஜாக்கி நிற்பார், கடிவாளத்தைப் பிடித்தபடி சைஸும் நிற்பான். தம்பிக்கு அப்படி ஒரு படமும் இல்லை. அவன் பார்த்துக்கொண்ட குதிரை ஒன்றுகூட முதலில் வந்ததில்லை. நான் கேட்டால் சிரிப்பான்.

"கடைசியா வாரதுக்கும் ஒரு குதிரை வேணும்லா அக்கா."

வேலையை விட்ட பிறகு நெஞ்சில் கோளாறு என்று டாக்டர் வெளியே அலையக்கூடாது என்றார். வீட்டில் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நாள் நான் பசாருக்குப் போய்விட்டு வருவதற்குள் சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றிக் கத்தரித்துக்கொண்டிருந்தான். சீனர் கடையில் வாங்கும் பெரிய காலண்டர் அது. பந்தயம் நடக்கும் தேதிகளில் குட்டியாய் ஒரு குதிரை அச்சடித்திருக்கும். அந்தக் குதிரைகளையெல்லாம் வெட்டி எடுத்துக் குவித்திருந்தான்.

"டேய், வருஷம் இன்னும் முடியலடா! அமாவாசை எப்பன்னு நான் எதுல பாக்குறது?"

"வானத்துல பாரு."

அப்படித்தான் ஆரம்பித்தது. காலண்டர் தாளின் பின்பக்கம் பந்தயத் திடல், கட்டம் கட்டமாகப் பிரித்த கோடுகள். இரண்டு டைஸைச் சேர்த்துப் போட்டால் இரண்டிலிருந்து பன்னிரண்டு வரை விழும் அல்லவா, அந்த நம்பர் ஒவ்வொன்றுக்கும் ஒரு குதிரை. விழுந்த நம்பர்க் குதிரை ஒரு கட்டம் நகரும். வெட்டிய படங்களைக் கோடுகளின் தலைப்பில் ஒட்டினான். ஓடும் குதிரைக்கு ரப்பர் கொட்டை. பழைய மரங்கள் கொஞ்சம் மிச்சம் நிற்கும் இடத்துக்கு, நான் தூங்கும் நேரம் பார்த்து, யாருடைய மோட்டார் சைக்கிளிலோ தொற்றிக்கொண்டு போய்ப் பொறுக்கி வந்துவிட்டான். கொட்டை உருளாமல் நிற்க வேண்டுமே, அதற்காக வாசல் நடைபாதைச் சிமெண்டில் அடிப்பக்கத்தைத் தேய்த்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் கீழ்வீட்டு டீச்சர் ஏறி வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அதுவரைக்கும் நான் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. படியில் பார்த்தால் ஒதுங்கி நிற்பேன்.

"என்ன சத்தமிது, வீட்டை இடிக்கிறீங்களோ?"

"இல்லீங்க டீச்சர். குதிரைக்கு லாடம் அடிக்கிறேன்."

அன்றிலிருந்து அவரும் சாயங்காலத்தில் வருவார். பந்தயம் கட்டுவது வறுத்த கச்சான் கடலை. தம்பி தன் பங்கைப் பந்தயம் முடியும் முன்னே தின்றுவிடுவான்.

முதலில் எல்லாக் கோட்டையும் ஒரே நீளத்தில் போட்டிருந்தேன். தம்பி எடுத்தது இரண்டாம் நம்பர், டீச்சர் ஏழு, நான் ஒன்பதோ என்னவோ. ஏழுதான் ஜெயித்தது. மறுபடியும் ஏழு. மறுநாளும் ஏழு. தம்பியின் குதிரை புறப்பட்ட இடத்திலேயே புல் மேய்ந்தது.

"டீச்சர் குதிரைக்கு ஊசி போட்டிருக்கு. ஒண்ணுக்கு டெஸ்ட் எடுக்கணும்லா!"

டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். ஏழு விழ ஆறு வழி உண்டு, இரண்டு விழ ஒரே வழிதான், இரண்டு டைஸும் ஒன்று காட்ட வேண்டும். தம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பன்னா ஏழுக்கு ஈயம் வைக்கணும்."

எங்களுக்குப் புரியவில்லை. நன்றாக ஓடும் குதிரைக்குச் சேணத்தில் ஈயத் தகடு வைத்து எடையை ஏற்றுவார்களாம். ஓடாத குதிரைக்கு லேசாக விடுவார்களாம். அப்போதுதான் எல்லாக் குதிரைக்கும் ஒரு வாய்ப்பு இருக்குமாம். அதையே கோட்டில் செய்தோம். இரண்டுக்கு மூன்று கட்டம், ஏழுக்குப் பதினெட்டு, மற்றதெல்லாம் நடுவில். டீச்சர் கணக்குச் சொன்னார், தம்பி சரியென்றான், நான் கோடு போட்டேன். கோடு நேராக வந்திருந்தது. டீச்சர் சொன்னார், நானாகச் சொல்லவில்லை.

புதுத் தாளில் நாங்கள் விளையாடியது கொஞ்ச நாள்தான். மூன்றும் ஜெயித்தது, பதினொன்றும் ஜெயித்தது. தம்பியின் இரண்டு மட்டும் வரவில்லை.

"நம்பரை மாத்துங்கோ தம்பி," என்றார் டீச்சர்.

"நான் மாத்திட்டா, அத யாரு நடத்திக்கிட்டுப் போறது டீச்சர்?"

அன்று மழை. நடைபாதையில் சாரல் அடித்ததால் மேசையை உள்ளே இழுத்துப் போட்டோம். நாங்கள் வாங்கிய டைஸில் ஒன்றாம் நம்பர்ப் பக்கம் மட்டும் பெரிய சிவப்புப் பொட்டாக இருக்கும். அந்த இரண்டு சிவப்புப் பொட்டும் சேர்ந்து விழுந்தன. தம்பி மேசையைத் தட்டினான். கச்சான் சிதறியது.

"பாத்தியாக்கா! பாத்தியா! வாரான் பாரு!"

மூச்சு வாங்கியது. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தான்.

"யாரும் என் குதிரையத் தொடாதீங்க. இந்தா வாரேன்."

அடுக்களையில் தம்ளர் விழும் சத்தம் கேட்டது. டீச்சர்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அவன் பேச்சோடு திரும்பி வரவில்லை.

அவனைக் கிடத்த இடம் வேண்டுமே, யாரோ மேசையை வெளியே தூக்கினார்கள். யார் என்று நான் கவனிக்கவில்லை. என்னைச் சுற்றி எல்லாரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். கருமாதி முடிந்து மேசை உள்ளே வந்தபோது அதன்மேல் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. உள்ளே குதிரைகளும் டைஸும். தாளைச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டிருந்தார்கள். ஒரு கொட்டைகூட உடையாமல் நல்ல மனசோடுதான் எடுத்து வைத்திருந்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

தாளை விரித்து நாலு மூலையிலும் கிண்ணம் வைத்தேன். குதிரைகளை இருந்தபடியே நிறுத்தப் பார்த்தேன். மற்றதையெல்லாம் குத்துமதிப்பாக வைத்துவிட்டேன், அதில் எனக்குக் கவலை இல்லை. இரண்டாம் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அன்று சிவப்புப் பொட்டு ஒரு தடவைதான் விழுந்ததா? அதற்கு முன்னாலும் ஒன்று விழுந்து, அவன் தட்டியது இரண்டாவதற்கா? ஒரு நாள் ஒன்று போலத் தெரிகிறது, இன்னொரு நாள் மற்றது. கூட்டிப் பெருக்கும்போதெல்லாம் அதை ஒரு கட்டம் முன்னால் வைக்கிறேன், மறுபடியும் பின்னால் எடுக்கிறேன். அவன் தொடாதே என்றுதான் சொல்லிவிட்டுப் போனான்.

டீச்சர் இப்போது ஆயர் தாவாரில் மகன் வீட்டில் இருக்கிறார். போனில் நலம் விசாரிப்பார். இதைக் கேட்கலாம் என்று வாய் வரைக்கும் வரும், பிறகு சாப்பிட்டீர்களா என்று கேட்டு வைத்துவிடுவேன். எழுதும்போது எப்படியோ வந்துவிட்டது.

டீச்சர், எழுத்துப் பிழையை நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். தேதியும் நம்பரும் எங்காவது தப்பியிருந்தால் அதையும் மாற்றுங்கள். இது ஒன்றை மட்டும் நன்றாக யோசித்துப் பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் அவனுக்கு நேர் எதிரில்தானே உட்கார்ந்திருந்தீர்கள். அவன் எழுந்து போனபோது அவன் குதிரைக்கு மிச்சம் இருந்தது ஒரு கட்டமா, இரண்டு கட்டமா?