சவரியம்மாள் டீச்சர் கேட்ட செத்த நேரம்

கன்னிவாடிச் சந்தையில் கத்தரிக்காய்க்காரியோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. சொத்தைக் காயை அடியில் தள்ளி, நல்லதை மேலே அடுக்கியிருந்தாள், விடுவேனா? திண்டுக்கல் பஸ்ஸிலிருந்து இறங்கிய எங்கள் பள்ளிக்கூடப் பியூன் என்னைத் தேடிவந்து, "சவரியம்மா டீச்சர் காலைல தவறிட்டாகளாம்" என்றார். பையை அங்கேயே போட்டுவிட்டு, திரும்பிப் போகிற பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. திண்டுக்கல் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கன்னிவாடிக்கு மாற்றலாகி வருமுன் நானும் அவரும் திண்டுக்கல்லில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். அவர் ஐந்தாம் வகுப்பு, பக்கத்து அறையில் நான் நான்காம் வகுப்பு. ஆரம்ப காலத்தில் அவரிடம் படித்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். மூக்குக்கு மேல் கோபம் என்பார்களே, அவருக்கு அது கைவரைக்கும் இருந்தது. கணக்குத் தப்பினால் சிலேட்டு பறக்கும். அடுத்த நிமிஷம் அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அவரே அழுவார். நானும் முன்கோபிதான், ஆனால் அவர் பக்கத்தில் நான் பச்சைத் தண்ணீர்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னோம். பித்தம் என்றார்கள், உடம்புச் சூடு என்றார்கள். நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தார். ஊறவைத்த வெந்தயத்தை வெறும் வயிற்றில் விழுங்கினார். சளி பிடித்ததுதான் மிச்சம். அவரோ அந்தக் கோபத்தைப் பாவம் என்றே நினைத்திருந்தார். சனிக்கிழமை தவறாமல் மாதா கோயிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வார். அதற்கு அபராதமாகச் சாமியார் சொல்லச் சொன்ன செபங்களைச் சொல்லி முடித்து, ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை என்கிற அப்பத்தை வாங்குவார். திங்கட்கிழமை மறுபடியும் சிலேட்டு பறக்கும்.

அப்போது அவர் மகள் அமலிக்குப் பத்து வயது. பரீட்சைத் தாள்மேல் மைப்புட்டியைக் கவிழ்த்துவிட்டாள். டீச்சர் கையிலிருந்த பித்தளைச் செம்பு போய்ப் பட்டு, பிள்ளைக்குப் புருவம் கிழிந்தது. டீச்சரின் வீட்டுக்காரர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். வீட்டுக்காரரின் அக்கா சின்னாளப்பட்டியிலிருந்து வந்து, தையல் போட்ட முகத்தோடு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அமலி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பெத்த வயிறு எரியுது வடிவு. ஆனா அவளக் கூப்பிட எனக்கு மூஞ்சி இல்ல" என்றார் டீச்சர்.

அந்தச் சனிக்கிழமை கோயிலுக்கு வெளியே அவருக்காக நின்றிருந்தேன். வெளிறிப்போய் வந்தார். "இந்த வாட்டி சாமியார் செபம் எதுவும் சொல்லச் சொல்லல. மதுரையில மனசுக்கு வைத்தியம் பாக்குற டாக்டர்ட்ட போகணுமாம். அதான் எனக்கு அபராதம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த டாக்டர் என்றாலே எங்களுக்கெல்லாம் பைத்தியம், சங்கிலி, இவ்வளவுதான் தெரியும். வேலை போய்விடும், ஊர் வாயில் போட்டு மெல்லும் என்று படபடத்தேன். அபராதத்தை முடிக்காமல் நன்மை வாங்க மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றார். வாங்காமலேயே இருந்தால்தான் என்ன என்று கேட்க வாயெடுத்தேன்; அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

கண் பரிசோதனைக்கு என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு இருவரும் மதுரைக்குப் போனோம். கண்ணாடி எங்கே என்று தலைமையாசிரியை கேட்கவே, வெறும் கண்ணாடி போட்ட மூக்குக்கண்ணாடி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டார். அந்த டாக்டர் சங்கிலியையும் காட்டவில்லை, புத்திமதியும் சொல்லவில்லை. கோபம் முதலில் உடம்பில் எங்கே தெரிகிறது என்று கேட்டாராம். உள்ளங்கையில் என்றாராம் டீச்சர். அப்படியானால் உள்ளங்கை சூடேறியதும் வாய்விட்டுச் சொல்லிவிட்டு வெளியே போங்கள், ஆனால் திரும்பி வந்து பேசிவிட வேண்டும், பேசாமல் விட்டால் அது வைத்தியம் இல்லை என்றாராம். பிறகு பல தடவை போனார். சின்ன வயதில் அவர் வாங்கிய அடிகளைப் பற்றியெல்லாம் அந்த டாக்டர் பொறுமையாகக் கேட்டாராம். திரும்பும்போது சின்னாளப்பட்டியில் பஸ் நிற்கும். டீச்சர் அந்தப் பக்கம் பார்க்காமல் மடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குத்தான் இருப்புக்கொள்ளாது.

எப்படியோ விஷயம் நாத்தனார் காதுக்குப் போய்விட்டது. பைத்தியக்காரியிடம் பிள்ளையை அனுப்ப முடியாது என்று ஆள்விட்டுச் சொல்லிவிட்டார். அன்றைக்கே டீச்சர் என்னைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். "கண்ணுக்குப் போகல தாயி. என் கோவத்துக்கு வைத்தியம் பாக்கப் போனேன். இன்னும் போய்க்கிட்டுத்தான் இருக்கேன்" என்று மகளிடமே சொன்னார். அத்தை கொண்டுவந்து வைத்த காப்பி டம்ளரை அமலி கையில் எடுத்தாள். தாய் முகத்தைப் பார்த்தபடியே, நிதானமாக, அவர் மடியில் கவிழ்த்தாள்.

டீச்சரின் விரல்கள் மடங்கின. "எனக்குக் கோவம் வருது. செத்த நேரம் கழிச்சுப் பேசுறேன்" என்றார். எழுந்து வெளியே போய், தறிப்பாவு நூல் காய்கிற தெருவில் வெயிலில் நின்றார். தெருவே வேடிக்கை பார்த்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, "சூடா இருந்துச்சு. எனக்கு வலிச்சுச்சு. உனக்கும் அன்னைக்கு இப்பிடித்தான வலிச்சிருக்கும்" என்றார். அமலி உள்ளே போனாள். பையோடு வந்தாள்.

அதற்குப்பின் அவர் சாந்த சொரூபி ஆகிவிட்டார் என்று சொன்னால் அவரே எழுந்துவந்து சண்டை பிடிப்பார். வகுப்பிலிருந்து விறுவிறுவென்று வெளியேறி அவர் வேப்பமரத்தடியில் நிற்பதைப் பின்னால் படித்த பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். "கோவம் போயிரும்னு நெனச்சேன் வடிவு. போகல. இப்ப வந்தா வாசல்ல நின்னு கூப்பிடுது, அம்புட்டுத்தான்" என்பார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் எங்களோடு வேலை பார்த்த ஒருவர் என் பக்கத்தில் வந்து, "நல்ல மனுஷிதான். நடுவுல கொஞ்ச நாள் மண்டை கழண்டு மதுரைக்கு அலைஞ்சுச்சு, பாவம்" என்றார். என் கை குடைக்காம்பை இறுக்கியது. ஓங்கியிருப்பேன், சத்தியமாக. "எனக்குக் கோவம் வருது. செத்த நேரம் கழிச்சுப் பேசுறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். பின்னாலேயே அமலி வந்தாள். அவளும் இப்போது டீச்சர். புருவத்துத் தழும்பு அப்படியே இருக்கிறது. "திரும்பிப் போயிப் பேசிருங்க சித்தி. பேசாம விட்டா வைத்தியம் இல்ல" என்றாள்.

திரும்பிப் போனபோது அப்படிச் சொன்னவர் கிளம்பிவிட்டிருந்தார். அவருக்கும், அவர் சொன்னதை நம்பிக்கொண்டிருக்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதினேன். சவரியம்மாள் டீச்சருக்குப் பைத்தியம் இல்லை. கோபம் இருந்தது, வைத்தியம் பார்த்துக்கொண்டார். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு வாக்கியம்தான். செத்த நேரம் ஆகிவிட்டது, பேசிவிட்டேன்.