மாலாட்டை அறுத்த பட்டு நூல்

ஐயம்பேட்டை போகும் ஷேர் ஆட்டோவில் அந்த அம்மா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் உடைந்து, சிவப்புப் பட்டு நூலால் காதோடு கட்டியிருந்தது. தறியில் மிஞ்சிய நூல்களைச் சேர்த்துக் குஞ்சம் கட்டிக்கொண்டே வந்தார். ஆட்டோ எவ்வளவு குலுங்கினாலும் அந்தக் கை நிற்கவில்லை.

என் மடியில் ஒரு டப்பா. தங்கையின் வளைகாப்புக்கு நானே மாலாடு பிடித்திருந்தேன். நெய் கூடிவிட்டதோ என்று வழியெல்லாம் பயம். திறந்து பார்த்தால், உருண்டைகள் இளகி ஒரே கட்டியாகிக் கிடந்தன. தங்கையின் மாமியார் முன்னால் இதை எப்படி வைப்பேன்? அழுகையே வந்துவிட்டது.

"இதுக்கா அழுவுற? இப்படி குடும்மா." கட்டியை மூடியில் கவிழ்த்து, நூல் ஒன்றை உருவினார்.

"சாயம் ஒட்டிக்குமே?"

"சாயம் போடாத வெள்ளை நூல்மா. நீ மூடியை கெட்டியா புடிச்சிக்கினு இரு, போதும்."

நூலை அடியில் கொடுத்து, இரு முனைகளையும் மேலே குறுக்காக இழுத்தார். சதுரம் சதுரமாக வில்லைகள் விழுந்தன. ஆட்டோவே எட்டிப் பார்த்தது.

"யாருனா கேட்டா இன்னான்னு சொல்றதுமா?"

"பர்பின்னு சொல்லேன்! மாலாடுன்னு உன் மூஞ்சில எழுதியா இருக்குது?" சிரித்தபடி ஓரத்துத் துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

வளைகாப்பில் முதலில் காலியானது அந்தப் பர்பிதான். மாமியார் என்னிடம் பக்குவம் கேட்டார்.

இப்போது வேண்டுமென்றே நெய்யைக் கூட்டுகிறேன். ஷேர் ஆட்டோவில் ஏறினால் சிவப்பு நூல் கட்டிய கண்ணாடியைத்தான் தேடுகிறேன். டப்பா கையில் இருந்தால், ஓரத்துத் துண்டை மட்டும் யாருக்கும் கொடுப்பதில்லை.