மோதிரம் கிடைத்த செவ்வாய்

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, என்னுடைய கல்யாண மோதிரத்தை நானே குழி தோண்டிப் புதைத்தேன். சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு, களவெடுக்க வந்தவன் போல.

பிறகு பத்து மணிக்கு அதே இடத்துக்குப் போய், இரண்டு பேர் முன்னிலையில் அதைக் 'கண்டுபிடித்தேன்'.

பைத்தியமா என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்... முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் இருப்பது ஸ்காபரோவில், டோர்செட் பார்க்கில், பதினோராம் மாடியில். மனைவி தவறி மூன்று வருடம். மகள் விமானத்தில் நாலு மணித்தியாலம் தள்ளி, கல்கரியில். ஞாயிறு தவறாமல் போன் எடுப்பாள் — "அப்பா, ஆர் யூ ஓகே?" ஓகே என்பேன். அதோடு அந்த வாரத்துப் பேச்சு முடிந்துவிடும்.

இந்த வசந்தத்தில் பாவித்த மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கினேன். மண்ணுக்குள் பழைய கனடாக் காசு தேடுவதற்கு. எங்கள் பில்டிங்குக்குப் பின்னால், எப்போதோ ஒரு வீட்டை இடித்த வெறும் நிலம் கிடக்கிறது. பில்டிங்கைப் பார்த்துக்கொள்ளும் சுப்பரின்டனிடம் கேட்டேன். குழியை மூடினால் சரி என்றார்.

அந்த நிலம் இருக்கிறதே — சுத்தக் குப்பை. ஆணி, சோடா மூடி, பியர் டின் வளையம், சிகரெட் பெட்டியின் ஈயத்தாள்... அடிக்கு ஒரு தடவை மெஷின் கத்தும். இதற்குள் காசைப் பிடிக்க ஒரே வழி, மெல்ல மெல்லப் போவதுதான். சத்தம் கேட்டால், குறுக்காக நின்று திரும்பவும் மெஷினை வீசிப் பார்க்கவேண்டும். எந்தப் பக்கமிருந்து வீசினாலும் அதே சத்தம் வந்தால் காசாக இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் கத்தினால், அநேகமாக ஆணி. ஒரு மணித்தியாலத்தில் ஒரு கட்டில் அளவு நிலம்தான் முடியும். எனக்கென்ன அவசரம்?

இரண்டாவது நாள் ஒரு செவ்வாய். தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்து நடந்து வந்த இருவர் பாதையை விட்டு இறங்கி வந்தார்கள். ஒருவர் றெஜினா அன்ரி. மன்னார்க்காரி, எழுபது தாண்டியவர். மற்றவர் அவருடைய பில்டிங்கில் இருக்கும் செல்வம் அண்ணை.

"என்ன தம்பி, ஏதும் துலைச்சுப்போட்டீங்களோ?" என்றார் அன்ரி.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். அறுபத்திரண்டு வயது ஆள், குப்பைக்குள் சல்லி பொறுக்குகிறேன் என்று எப்படிச் சொல்வது? பின்னேரத்துக்குள் ஸ்காபரோ முழுக்கக் கதை பரவாதா? வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஓம் அன்ரி... மோதிரம். கல்யாண மோதிரம்."

"ஐயோ, மாதாவே!"

அவ்வளவுதான். அந்த மோதிரம் வீட்டு அலமாரிக்குள் பத்திரமாகக் கிடந்தது வேறு கதை. அன்றிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் பூசை முடிந்ததும் இருவரும் வந்துவிடுவார்கள். அன்ரி பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவருவார். செல்வம் அண்ணை நான் கிளறி எடுக்கும் ஆணிகளை ஒரு வாளியில் சேர்த்தபடி, மெஷினைப் பற்றித் தனக்குத் தெரியாததை எல்லாம் விளக்குவார். "உதை ஏன் உப்பிடிப் பிடிக்கிறியள்? கொஞ்சம் உயத்திப் பிடியுங்கோ."

மூன்றாவது செவ்வாய், நல்ல உறுதியான சத்தம். நாலு விரல் ஆழத்தில் — தாடிக்கார அரசர் தலை போட்ட பழைய ஒரு சதம்! நான் தேடி வந்ததே அதைத்தான். ஆனால் மோதிரம் தேடுகிறவன் ஒரு சதத்துக்குத் துள்ளிக் குதிக்க முடியுமா? அன்ரி எட்டிப் பார்த்தார்.

"சீ, உது வெறும் சல்லி. எறிஞ்சுபோட்டுத் தேடுங்கோ தம்பி."

எறிவது போலப் பாசாங்கு செய்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஒன்று சொல்லட்டுமா? அந்த ஒரு மணித்தியாலத்துக்காகத்தான் மற்ற ஆறு நாட்களையும் தள்ளினேன். காசு கிடைத்தாலென்ன, கிடைக்காவிட்டால் என்ன என்று ஆகிவிட்டது.

ஐந்தாவது செவ்வாய், அன்ரி உள்ளே மீன் வைத்துச் சுட்ட பணிஸ் கொண்டுவந்தார். எங்கள் இருவருக்கும் தந்துவிட்டுத் தான் சும்மா நின்றார்.

"நீங்கள் சாப்பிடேல்லையோ அன்ரி?"

"நான் மீன் விட்டிட்டன் தம்பி. உங்கட மோதிரம் கிடைக்குமட்டும் தொடமாட்டன் எண்டு அந்தோனியாருக்கு நேர்ந்திருக்கிறன். துலைஞ்சதை எடுத்துத் தாறவர் அவர்தானே."

"அன்ரி... நான் உங்கட வேதக்காரன் இல்லையே."

"அவர் உதெல்லாம் பாக்கிறேல்லை."

"எப்ப தொடக்கம்?"

"முதல் நாளே நேர்ந்திட்டன்."

ஒரு மாதமாக மீன் இல்லை. அதுவும் கடற்கரையில் மீனோடு வளர்ந்த மன்னார்க்காரிக்கு! கடித்த பணிஸைத் திரும்பக் காகிதத்தில் சுற்றி வைத்தேன்.

அந்த வாரம் முழுவதும் இதே யோசனை. மோதிரம் கிடைத்தால் அன்ரிக்கு மீன். கிடைக்காவிட்டால் எனக்குச் செவ்வாய்தோறும் துணைக்கு ஆட்கள். உண்மையைச் சொல்லும் துணிவு? அது என்னிடம் இல்லை. நல்ல மனிதன் ஐந்து நிமிடத்தில் முடிவெடுத்திருப்பான். எனக்கு ஆறு நாள் பிடித்தது... சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆறாவது செவ்வாய்தான் நான் புதைத்து எடுத்த நாள். "அந்தோனியாரே!" என்று அன்ரி கத்திய கத்தலில் மூன்றாம் மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. மோதிரத்தை வாங்கிச் சால்வையால் துடைத்து, கண்ணாடியைப் போட்டு, உள்ளே பொறித்திருந்த எழுத்தை வாசித்தார்.

"வசந்தி... உங்கட மனுசியின்ர பேரோ தம்பி?"

"ஓம் அன்ரி."

"வடிவான பேர். வசந்தி."

அந்தப் பெயரை இன்னொருவர் வாயால் கேட்டு எவ்வளவு காலம்! மகள்கூட அம்மா என்றுதான் சொல்வாள். நான் அழுதுவிட்டேன். மோதிரம் கிடைத்த சந்தோஷம் என்று நினைத்து அன்ரியும் அழுதார். செல்வம் அண்ணை வாளியைத் தூக்கிக்கொண்டு அங்கால் போய் நின்றார். அன்ரி அங்கிருந்து நேரே மீன்கடைக்குப் போனார்.

போன செவ்வாய் பத்து மணிக்கு நான் அங்கே நின்றேன். இருவரும் பாதையில் வந்தார்கள். கை காட்டினார்கள். நானும் காட்டினேன்.

"இன்னும் என்னத்தைத் தேடுறியள்? அதுதான் கிடைச்சிட்டுதே!" என்று செல்வம் அண்ணை உரத்துச் சொன்னார். சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

அவர்கள் மேல் பிழை இல்லை. நம் ஆட்கள் அப்படித்தான். ஒருவனுக்குக் கஷ்டம் என்றால் சோறு கொண்டுவருவார்கள், நேர்த்தி வைப்பார்கள், மீனைக்கூட விடுவார்கள். கஷ்டம் தீர்ந்தால் அவரவர் வேலை அவரவருக்கு. 'சும்மா வாருங்கோ' என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டிருந்தால் வந்திருப்பார்கள் — அதுதான் வலிக்கிறது. போன் நம்பர்கூட வாங்கி வைக்கவில்லை.

நான் இதை எழுதும் இந்தப் பத்திரிகையை அன்ரி தமிழ்க்கடையில் எடுப்பவர். மரண அறிவித்தல் மட்டும்தான் பார்ப்பாராம். தப்பித் தவறி இந்தப் பக்கம் கண்ணில் பட்டால்... அன்ரி, நான் மோதிரம் எதையும் தொலைக்கவில்லை. உங்களை மீன் இல்லாமல் வாட்டிய பொய்யன் நான்தான்.

செவ்வாய் வந்து ஏசிவிட்டுப் போங்கள். அவசரமில்லை... ஆறுதலாக, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஏசலாம்.